பலகையில் நான் அழித்த சொல்

யூதர் என்று ஒருவரையும் நான் கண்ணால் பார்த்தது கிடையாது. தொப்பூர் கணவாயில் ஏறி இறங்குகிற லாரிகளில் எத்தனையோ தேசத்து ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். ரோட்டோரத்துக் கடைகளில் இறங்கி, கை கழுவி, சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் யூதர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் நான் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில், எங்கள் ஊரில் அந்தச் சொல் காதில் விழாமல் ஒரு நாள் பொழுது போகாது. எடையில் கை வைக்கிற புளி வியாபாரி யூதன். வாய்க்கால் மடையை அடைத்துத் தன் வயலுக்கு மட்டும் தண்ணீரைத் திருப்பிக்கொள்கிற பங்காளி யூதன். கறக்க உட்கார்ந்தால் காலால் உதைக்கிற எங்கள் எருமையைக்கூட அம்மா 'யூதச்சி' என்று வைதிருக்கிறார். அடுத்த ஈத்துக்கு அந்த எருமை சாதுவாகிவிட்டது. பேர் மட்டும் கடைசிவரை அதைவிட்டுப் போகவில்லை.

எங்கள் அப்பாவுக்கும் அந்தப் பேர்தான். அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது கோயிலைச் சுற்றி நாற்பது வீடு உள்ள ஊர். சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் மாரியம்மனும் முனியப்பனும் கும்பிடுகிறவர்கள். நடுவில் நாங்கள் மட்டும் மாதா கோயில்காரர்கள். அம்மாவின் வீட்டார் அங்கே பரம்பரைக் கிறிஸ்தவர்கள். அப்பா அப்படியில்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் நல்ல நிலபுலம் உள்ள வீட்டில் பிறந்து, அம்மாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கி, எங்கள் ஊரோடு வந்து சேர்ந்தவர். கிணறு தூர் வாருவதென்றாலும் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதென்றாலும் அவர் கை படாமல் நடக்காது. ஆனாலும் ஊர் வாயில் அவர் 'புதுசா வந்தவர்'தான். நான் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போன பிறகும் புதுசா வந்தவர்தான்.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று கோயிலுக்குப் பின்னால் உள்ள களத்தில் பாஸ்கா நடக்கும். சேசுநாதர் பாடுபட்டுச் சிலுவையில் மரித்த கதையை வேஷம் கட்டி நடிப்பதற்கு எங்கள் பக்கத்தில் பாஸ்கா என்று பெயர். மற்ற ஊர்களில் ராத்திரி நடத்துவார்கள். எங்கள் ஊரில் நடுமத்தியான வெயிலில் நடத்துவார்கள், சேசு உயிர் விட்ட மூணு மணிக்குச் சரியாக முடிய வேண்டும் என்று. வேஷங்கள் வீட்டு வழியாக வரும். சேசுவைத் தெரியாது என்று மூணு தரம் மறுதலித்த சீடர் இராயப்பரின் வேஷம் என் மாமா வீட்டுக்குச் சொந்தம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா, அதற்கு முன்னால் அவருடைய தாத்தா. இன்னொரு சீடர் அருளப்பர் ஒரு வீட்டுக்கு, மாதாவின் கணவர் சூசையப்பர் இன்னொரு வீட்டுக்கு. யூத வேஷங்கள் மட்டும் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை. யார் மாட்டினார்களோ அவர்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

அப்பா வந்த வருஷமே யூதர்களின் தலைமைக் குரு கைப்பாஸ் வேஷத்தை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். சணல் தாடி, கறுப்பு அங்கி, கொம்புபோல இரண்டு பக்கமும் கூராக மடித்த அட்டைக் குல்லா. அப்பாவுக்குக் குரல் பெரிது. களத்துக்கு வெளியே மேய்கிற ஆடுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். அவர் நன்றாகச் செய்ததுதான் தப்பாகப் போயிற்று. மறுநாள் காலையில் மாமா எங்கள் வாசலில் நின்று, "என்னங்க யூதரே, சேசுவைக் கொன்னு போட்டு நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்டாராம். மாப்பிள்ளையைக் கேலி பேசுவது மச்சானுக்கு உரிமை. அப்பாவும் சிரித்துக்கொண்டே, "தூங்கினேன் மச்சான், நீங்கதான் மூணு தரம் தெரியாதுன்னு சொல்லிட்டு முழிச்சுக் கெடந்தீங்க போல," என்றாராம். அந்தச் சிரிப்போடு போயிருக்க வேண்டியது. போகவில்லை. ஒரே வருஷத்தில் எங்கள் வீடு 'யூதர் வூடு' ஆகிவிட்டது. கடையில் கருப்பட்டி வாங்கப் போனால், "யாரு, யூதர் வூட்டுப் புள்ளையா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். எனக்கு அப்போதே அப்படி ஒரு மண்டைக்கனம் உண்டு. கருப்பட்டி வேண்டாம் என்று திரும்பி வந்துவிடுவேன், அம்மாவிடம் அடியும் வாங்குவேன்.

இதில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பாஸ்காவில் கைப்பாஸ் நின்று, இவன் சாக வேண்டியவன் என்று கூவுகிற இடத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் மண்ணை வாரி அவர்மேல் தூற்றுவார்கள். பக்தியில் செய்வதுதான். முந்தின நாள்வரை அவரிடம் கிணற்றுக் கயிறு இரவல் வாங்கினவர்கள்தான். மண் கண்ணில் விழுந்து, அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டே மீதி வசனத்தைச் சொல்வார்.

கோயிலுக்குள்ளும் அப்படித்தான். பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் பாப்பரசருக்காக, ராஜாக்களுக்காக, நோயாளிகளுக்காக என்று வரிசையாகச் செபம் வரும். ஒவ்வொன்றுக்கும் முழங்கால் போட்டு எழுந்திருப்போம். யூதருக்காகச் செபிக்கிற இடம் வந்தால் மட்டும், பூசை வைக்கிற சாமியாருக்கு அடுத்தபடி இருக்கிற உபதேசியார் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டுவார். யாரும் முழங்கால் போடக் கூடாது. ரோமாபுரியில் அந்த வழக்கத்தை மாற்றியாகிவிட்டது என்று சாமியார் சொல்லியும், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் விறைத்துக்கொண்டு நின்றார்கள். இப்போது அப்படியில்லை. செபத்தின் வார்த்தையே மாறிவிட்டது, கடவுள் முதன்முதல் பேசினது அவர்களிடம்தான் என்று மரியாதையாக வாசிக்கிறார்கள். இந்த வருஷம் எல்லாரோடும் நானும் முழங்கால் போட்டேன். எழுந்திருக்கத்தான் முன்னால் இருந்தவளின் நாற்காலியைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

நான் சொல்ல வந்தது எனக்கு ஏழு வயது நடந்த வருஷத்துக் கதை.

அந்த வருஷம் பாஸ்கா பார்க்கப் பெரியப்பா வந்திருந்தார். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு. வருஷா வருஷம் வருவார், கோயிலுக்குள் வரமாட்டார், களத்தில் மட்டும் வேப்பமரத்தடியில் நின்று பார்ப்பார். முந்தின வருஷம் ஊருக்குக் கிளம்பும்போது அவர் அப்பாவிடம் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"நம்மூட்டுச் சாமியக் கும்புட்டுக்கிட்டு இருந்தப்ப உம்மேல ஒருத்தன் மண்ணை எடுத்து வீசியிருப்பானாடா?"

அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு வேறு வேஷம் கட்டுகிற ஆசை வந்தது. சேசுவின் சிலுவையைக் கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு போகிற சீமோன் வேஷம் கட்டினவர் குடும்பத்தோடு பெங்களூர் போய்விட்டார். அந்த வேஷம் காலியாக இருந்தது. அப்பா உபதேசியாரிடம் போய்க் கேட்டார். வேஷங்களைப் பங்கிடுவது, வசனம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். அவர் தாடையைத் தடவிவிட்டு, "இந்த வருசம் ஒரு குத்தங்கொறை இல்லாம கைப்பாசை முடிச்சுக் குடுப்பா. கஞ்சி குடிக்கிறப்ப நானே நாலு பேருக்கு முன்னால அடுத்த வருசத்துச் சீமோன் நீதான்னு சொல்லிடறேன்," என்றார். அன்று பகல் முழுக்க ஒருசந்தி விரதம் இருந்தவர்களுக்குப் பாஸ்கா முடிந்ததும் கோயில் வாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். அடுத்த வருஷத்து வேஷங்களை அங்கேதான் அறிவிப்பார்கள்.

இதை அப்பா அம்மாவிடம் சொன்னபோது, அம்மா எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். "சீமோன் தலையில குல்லா கெடையாதில்ல?" என்று மட்டும் கேட்டார். கிடையாது என்றதும் தவிட்டில் கொஞ்சம் பிண்ணாக்கும் சேர்த்துப் போட்டார். அம்மாவின் சந்தோஷம் அப்படித்தான் வெளியே வரும்.

எனக்கும் அந்தப் பாஸ்காவில் ஒரு பங்கு இருந்தது. எங்கள் வீட்டில் சுத்த வெள்ளையில் ஒரு சேவல் வளர்ந்தது. இராயப்பர் மூணு தரம் சேசுவைத் தெரியாது என்று மறுதலித்ததும் சேவல் கூவ வேண்டும். வேறு யார் வீட்டுச் சேவலையும் கேட்க மாட்டார்கள். எங்களுடையது வாலைப் பிடித்து லேசாக இழுத்தால் எந்த நேரத்திலும் கூவும். ஆகவே படுதாவுக்குப் பின்னால் சேவலை அணைத்துக்கொண்டு நிற்பது என் வேலை. அந்த வருஷம் மாமா ஒரு தரம்தான் மறுதலித்திருந்தார், சேவல் தானாகவே கூவிவிட்டது. ஜனங்கள் சிரித்தார்கள். மாமா படுதாப் பக்கம் திரும்பி, "இரு சாமி, இன்னும் ரெண்டு பாக்கி இருக்குது," என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நான் சேவலின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அடுத்த காட்சி கைப்பாஸ். மண் வந்தது. ஒருத்தி மண்ணோடு சின்னக் கல்லையும் சேர்த்து வீசிவிட்டாள், வேண்டுமென்று இல்லை. அப்பாவின் புருவத்துக்கு மேலே பட்டது. அவர் வசனத்தை நிறுத்தவில்லை. குல்லாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். பெரியப்பா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

சேவலைக் கூடையில் போட்டு மூடிவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். கூடை கோயிலின் பின்சுவர் ஓரம் இருந்தது. அங்கேதான் மற்ற சாமான்களும் கிடந்தன. ஈட்டி, சாட்டை, முள்முடி, சிலுவையின் உச்சியில் ஆணி அடித்து மாட்டுகிற பலகை. பலகைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, விளக்குக் கரியைக் குழைத்து உபதேசியார் எழுதியிருந்தார். நான் ரெண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் கூட்டிப் பார்க்கிற வயது. அதற்கப்புறம் ஒரு வருஷம்தான் பள்ளிக்கூடம் போனேன். இன்றைக்கும் எனக்குக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் கூட்டினதைத் தப்பாகக் கூட்ட மாட்டேன். 'ந, ச, ரே' என்று ஆரம்பித்தேன். சேசு என்ற இடம் சட்டென்று பிடிபட்டது. அதற்கு அடுத்தது யூ. அப்புறம் த. அப்புறம் ரு.

சேசுவின் பேருக்குப் பக்கத்திலேயே, அவர் தலைக்குமேல் மாட்டுகிற பலகையில், எங்களை வைகிற சொல் எழுதியிருந்தது. யாரோ விஷமத்துக்கு எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டை வைதது போதாதென்று, சாகப் போகிற சேசுவையும் வைகிறார்கள். ஒருவேளை இதையும் அப்பாதான் எழுதினார் என்று சொல்லிவிடுவார்களோ என்றும் தோன்றியது. நின்று யோசிக்கவில்லை. சேவலுக்கு வைத்திருந்த தண்ணீரில் பாவாடை நுனியை நனைத்து அழுத்தித் துடைத்தேன். யூ போயிற்று, த போயிற்று, ரு போயிற்று. அதற்குப் பிறகு 'டைய' என்று இருந்தது. அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அப்படியே விட்டுவிட்டேன். உள்ளங்கை இரண்டும் கரி. பாவாடையில் துடைத்தது போக மீதி கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குள் ஈட்டிக்காரர்கள் ஓடிவந்து, ஒன்றையும் பார்க்காமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பலகையும் போயிற்று. சேசு உயிர் விடுகிற நேரத்தில் சேவல் கூவிவிடப் போகிறது, கையிலேயே வைத்துக்கொள் என்று யாரோ சொன்னார்கள். கூடையிலிருந்து அதை எடுத்து அணைத்துக்கொண்டு, களத்தின் ஓரத்தில் போய் நின்றேன்.

பாஸ்காவில் அடுத்து வருவது எல்லாருக்கும் தெரிந்த இடம். பலகையை மாட்டினதும், யூதக் குருக்கள், சேசுவுக்குத் தீர்ப்பு எழுதின ரோமை அதிகாரி பிலாத்துவிடம் வந்து முறையிடுவார்கள். இவன் எங்களுக்கு ராஜா என்று எழுதக் கூடாது, அப்படி இவன் சொல்லிக்கொண்டான் என்று மாற்றி எழுதும் என்று கைப்பாஸ் கேட்பார். பிலாத்து முடியாது என்பார். பிலாத்து வேஷம் கட்டினவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர், நிஜமான தோல் பெல்ட் போட்டிருப்பார். அப்பா கையை நீட்டி, அந்தப் பெரிய குரலில், யூதருடைய இராசா என்பதை அழிக்கச் சொல்லிக் கேட்டார். பிலாத்து பிரம்பைப் பலகைக்கு நேராக நீட்டி, "எழுதினதை மாத்தற பேச்சே கெடையாது. நல்லாப் படிச்சுப் பாரும்," என்றார்.

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். 'நசரேயனாகிய சேசு', அப்புறம் கலங்கின சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு, அப்புறம் 'டைய இராசா'.

முதலில் சிரித்தது பள்ளிக்கூடத்து வாத்தியார். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லச் சொல்ல, சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போயிற்று. சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்த சேசுவும் தலையைத் தூக்கிப் பார்க்க முயன்றார். பிலாத்துவின் பிரம்பு நீட்டினபடியே நின்றது. உபதேசியாரின் முகம் கறுத்துவிட்டது. அப்பா பலகையைப் பார்த்தார். பிறகு களத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை என்னிடம் வந்து நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை, சேவலைப் பார்த்தார். வெள்ளைச் சேவலின் நெஞ்சிலும் றெக்கையிலும் என் பத்து விரலும் கரியாகப் பதிந்திருந்தன.

அவர் நேராக என்னிடம் நடந்து வந்தார். கைப்பாஸ் அந்த இடத்தில் சிலுவையை விட்டு விலகிப் போக வேண்டியதுதான், அதனால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. சேவலை என் கையிலிருந்து வாங்கி, தன்னுடைய கறுப்பு அங்கிக்குள் விட்டு மூடிக்கொண்டார். "வூட்டுக்குப் போயி கையக் கழுவிட்டு வா கண்ணு. கஞ்சி குடிக்கணும்," என்றார். எனக்கும் பசிதான். ஓடினேன். பாவாடையும் ஈரமாக இருந்ததால் வேறு பாவாடை கட்டிக்கொண்டு வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது மூணு மணி தாண்டி, எல்லாரும் கோயில் வாசலில் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் இன்னும் ஊற்றவில்லை. பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து நடுவில் சாத்தி வைத்திருந்தார்கள். உபதேசியார் நின்றுகொண்டு, "யாரு கை வெச்சதுன்னு தெரியாம ஒரு கரண்டி ஊத்த மாட்டேன்," என்றார்.

மாமா சிரித்தார். "இதுல தெரியறதுக்கு என்ன இருக்குது? எழுதாதே எழுதாதேன்னு வருசா வருசம் கேட்டாரு. எழுதறவன் கேக்கல. யூதரு அவரே அழிச்சிட்டாரு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். மாமா கேலியாகத்தான் சொன்னார் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. ஆனால் சிரிப்பு நின்ற பிறகு எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள், அந்தப் பார்வையில் கேலி இல்லை. அப்பா குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புருவத்துக்கு மேலே ரத்தம் காய்ந்திருந்தது.

"நாந்தாங்க அழிச்சேன்," என்றார்.

கஞ்சி வாங்க அம்மா கையில் வைத்திருந்த ஈயப்போசி நழுவிக் கீழே விழுந்து உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

சாமியார் அப்பாவின் பக்கம் திரும்பினார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், எங்கள் ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. "எதுக்கு அழிச்சீங்க?" என்று கேட்டார்.

அப்பா மடியில் இருந்த குல்லாவைக் கீழே வைத்தார். "இந்த ஊர்ல அந்த வார்த்தை வையறதுக்குத்தாங்க சாமி இருக்குது. சேசுவோட தலைக்கு மேல அது எதுக்குன்னு நெனச்சு அழிச்சேன்."

நான் நினைத்ததை அவர் அப்படியே சொல்லிவிட்டார். ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை.

சாமியார் பலகையைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். சேசு யூதர். மாதா யூத குலத்துப் பெண். சூசையப்பர் யூதர். இராயப்பர், அருளப்பர், பன்னிரண்டு பேரும் யூதர்கள். நாம் கோயிலில் படிக்கிற சங்கீதங்கள் அவர்கள் பாடினவை. பாஸ்கா என்கிறோமே, அந்தப் பேரே அவர்களுடைய பண்டிகையின் பேர்.

மாமா எழுந்துவிட்டார். தலையில் இன்னும் இராயப்பர் முடி கட்டியிருந்தது.

"சாமி, என்ன சொல்றீங்க? மூணு தலைமொறையா எங்க வூட்ல இராயப்பர் கட்டறோம். அப்ப மூணு தலைமொறையா நாங்க யூதனாவா நின்னோம்?"

"ஆமாம்," என்றார் சாமியார்.

"எங்கப்பன் செத்தப்ப இராயப்பர் அங்கியோடதான் பொதைச்சோம்."

"நல்ல காரியந்தானே."

அம்மா உருண்டு போன போசியை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே, "அப்ப எங்கண்ணனையும் யூதருன்னே கூப்பிடலாங்களா சாமி?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் நாலு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமா மட்டும் உட்காரவில்லை.

உபதேசியாருக்கு இது பிடிக்கவில்லை. "அவுங்க அவுங்களாவே இருக்கட்டுங்க சாமி, நாம நாமளா இருப்போம். அவுங்கதான சேசுவை வேண்டான்னு தள்ளுனாங்க," என்றார்.

"தள்ளினவங்களும் அவங்கதான், பின்னால போனவங்களும் அவங்கதான். ஒரே குடும்பம். அப்புறம் பாகம் பிரிஞ்சுது. பிரிஞ்ச பிறகு ஒருத்தரை ஒருத்தர் பேசின பேச்சு இருக்கே, அதைத்தான் நாம இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்."

வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்த பெரியப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏனுங்க, பாகம் பிரிஞ்சதுல மூத்த வூடு எவங்களுதுங்க?"

"யூதருடையதுதான் மூத்த வீடு," என்றார் சாமியார்.

"அதான பாத்தேன்," என்றார் பெரியப்பா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இவ்வளவு பேசினபின் சாமியார் ஏதாவது செய்வார் என்று அம்மா எதிர்பார்த்திருக்க வேண்டும். சாமியார் உபதேசியாரைப் பார்த்தார். வேஷம் பங்கிடுவது உபதேசியாரின் உரிமை, அதில் எந்தச் சாமியாரும் தலையிட்டது கிடையாது. சாமியார்கள் மூணு வருஷத்தில் மாறிப் போகிறவர்கள். உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சிலுவைப் பலகையில் கை வைத்தது சின்னக் குற்றமில்லை என்றார். சீமோன் வேஷத்தைப் பட்டாளத்துக்காரரின் தம்பிக்குக் கொடுத்தார். அப்பாவைப் பார்த்து, "நீ அடுத்த வருசமும் கைப்பாசே பண்ணுப்பா. உனக்குத்தான் அது நல்லா வருது," என்றார்.

"சரிங்க," என்றார் அப்பா.

கஞ்சி ஊற்றினார்கள். மாமா தன் பங்கைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாதி குடித்த பிறகு, தன் ஊறுகாயை எடுத்து அப்பாவின் போசியில் போட்டார். பெரியப்பா கஞ்சி வாங்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அப்பா ரோடுவரை கூடப் போனார். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. அதற்கப்புறம் பெரியப்பா பொங்கலுக்கு வந்திருக்கிறார், எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வந்திருக்கிறார். பாஸ்கா பார்க்க மட்டும் வரவில்லை. அப்பா குரல் போகிறவரை, அதாவது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறக்கிறவரை, கைப்பாஸாகத்தான் நின்றார். மாமா அவரை யூதரே என்று கூப்பிடுவதை அன்றோடு விட்டுவிட்டார். ஊர் விடவில்லை.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று சாயங்காலம் எனக்கு இருந்த கவலை வேறு. அப்பா பொய் சொல்ல மாட்டார். அது எனக்கு உறுதியாகத் தெரியும். நாந்தான் அழிச்சேன் என்று அத்தனை பேருக்கு முன்னால், சாமியாருக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அவர் அழித்தது உண்மைதான். ஆனால் யூ, த, ரு மூன்றையும் அழித்தது நான். அப்பாவும் என்னைப்போலவே நினைத்து, எனக்கு முன்னாலேயே வந்து, வேறு ஏதோ ஒன்றை அழித்துவிட்டுப் போயிருக்கிறார். அது எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் கோயிலுக்குப் போனேன். பலகை பின்சுவரில் சாத்தியபடியே இருந்தது. குந்தி உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். ந இருந்தது, ச இருந்தது, ரே இருந்தது. சேசு முழுசாக இருந்தது. நான் துடைத்த திட்டு இருந்தது. டைய இருந்தது, இராசா இருந்தது. இரண்டு தரம் பார்த்தேன், பலகையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். அப்பா அழித்த இடம் மட்டும் அகப்படவில்லை. நான்தான் இன்னும் எல்லா எழுத்தும் படித்து முடிக்கவில்லையே. எனக்குத் தெரியாத எழுத்து எதையோ அப்பா அழித்திருக்கிறார், அது இல்லாதது எனக்குத் தெரியவில்லை என்று முடிவு செய்துகொண்டு, சேவலுக்குத் தீனி வைக்க வீட்டுக்குத் திரும்பினேன்.